விசா கொடுப்பது சாமியா, சர்டிபிகேட்டா?

சென்னை விமான நிலையத்திற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் இருக்கின்றார். அவருக்கு இப்போது விசா கணபதி என்று பெயர். ஐதராபாத்திற்கு அருகில் உஸ்மான் சாகர் ஏரிக்கரையிலுள்ள சில்கூரில் ஒரு பாலாஜி இருக்கின்றார். அவருக்கு விசா பாலாஜி என்று பெயர். அகமதாபாத்தில் ஒரு அனுமார் சந்நிதியில் பாஸ்போர்ட்டை வைத்துப் பூசை செய்கிறார்கள். பஞ்சாபில் ஜலந்தருக்கு அடுத்த தல்ஹன் என்னும் ஊரின் குருத்துவாராவிலோ, வெளிநாடு போக விரும்புகிறவர்கள் பொம்மை ஆகாய விமானத்தைக் காணிக்கையாக வைத்து வந்தார்கள். ஆகவே நமது நாட்டில் விசாவுக்குச் சாமி இல்லை என்கிற குறை யாருக்கும் வேண்டியதில்லை.

முன்னெல்லாம் படிப்புக்கு ஒரு சாமி, பணத்துக்கு ஒரு சாமி, அம்மை நோய்க்கு ஒரு ஆத்தாள் என்று இலாகா பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அம்மை நோய் 1975ஆம் வருஷத்தோடு இந்தியாவை விட்டுத் தொலைந்து போயிற்று. தொலைத்தது ஊசி. அந்த ஆத்தாளின் இலாகா பறிபோனதற்கு ஈடாகவோ என்னவோ, இப்போது வெளிநாட்டு இலாகா ஒன்று புதிதாக ஏற்பட்டிருக்கின்றது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொல்லிக் கொண்டிருந்த மதமே, இன்று கடல் தாண்டுவதற்கு அர்ச்சனைச் சீட்டுக் கிழிக்கின்றது என்றால், இதில் எது சாஸ்திரம், எது வயிற்றுப் பிழைப்பு என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

"கோவிலுக்குப் போனவனுக்கு விசா கிடைத்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். சொல்கிறோம். சில்கூரில் வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். வேண்டுதல் பலித்த பின்பு திரும்பி வந்து 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். விசா கிடைத்தவன் திரும்பி வந்து 108 சுற்றுகிறான். கிடைக்காதவன் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான். கோவில் பிராகாரத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறவன் எல்லாம் கிடைத்தவனாகத்தானே இருப்பான்? பரீட்சையில் தேறினவர்களை மாத்திரம் ஒரு அறைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டு, "பாருங்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் தவறினவனே கிடையாது" என்று ஒரு வாத்தியார் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? சாமி விஷயத்தில் மாத்திரம் ஏன் ஒப்புக்கொள்கிறீர்கள்?

அன்றியும் இன்னொரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் எச்-1பி என்கிற விசா, வருஷத்திற்கு 65,000 என்றும், அந்நாட்டிலேயே மேல்பட்டம் படித்தவர்களுக்கு மேற்கொண்டு 20,000 என்றும் அந்நாட்டுச் சட்டம் வரையறுத்திருக்கின்றது. மனு அதற்கு மேல் வந்தால் குலுக்கல். நமது பக்தர்கள் எத்தனை லட்சம் சுற்றுச் சுற்றினாலும் 65,000 என்பது 65,001 ஆகப் போவதில்லை. அப்படியானால் ஒரு பக்தனுக்குச் சாமி வாங்கிக் கொடுத்தது என்றால், இன்னொருவன் இடத்தைப் பிடுங்கித்தானே கொடுத்திருக்க வேண்டும்? அந்த இன்னொருவனும் அதே பிராகாரத்தில் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தவனாய் இருந்தால், சாமி எதைப் பார்த்து இருவரில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தது? தேங்காயின் பருமனைப் பார்த்தா?

சுற்றிப் பார்க்கவோ படிக்கவோ போகிறவனுக்கு விசா மறுக்கப்படுவதன் காரணமும் தேவ ரகசியம் அல்ல. அமெரிக்காவின் 1952ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கின்றது. வருகிற ஒவ்வொருவனும் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட வருகிறவன்தான் என்று முதலிலேயே வைத்துக்கொள், அப்படியல்ல என்று ருசுப்படுத்த வேண்டியது அவன் பொறுப்பு என்பதே அப்பிரிவின் சாரம். திருடனல்ல என்பதைச் சந்தைக்கு வருகிறவனே ருசுப்படுத்த வேண்டும் என்பது போன்ற சட்டம் அது. அது யோக்கியமான சட்டமா என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உனது வேலை, வருமானம், குடும்பம், போகிற காரியம், திரும்பி வருவதற்கான காரணம் ஆகியவைகளே. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரிக்கு இருப்பது இரண்டு மூன்று நிமிஷம். அதற்குள் அவன் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல், நெற்றியில் பூசின விபூதி பதில் சொல்லும் என்று நிற்கிறவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

நிற்க. சாமியைவிடப் பெரிய கேடு நம் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றது. அதுதான் ஜாதகம்.

இது நாம் கேள்விப்பட்டதல்ல, நமது சொந்தத் தமக்கை விஷயத்தில் பட்டது. தமக்கையாரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அந்நாட்டுப் பிரஜையான ஒரு பெண்ணை மணந்து, தானும் பிரஜையாகி விட்டான். 21 வயதுக்கு மேற்பட்ட பிரஜை தன் தாய் தகப்பனை அழைத்துக்கொள்ள அங்கே எண்ணிக்கை வரையறை கிடையாது. மகன் ஐ-130 என்னும் மனுவைப் போட வேண்டும். அது ஒப்புக்கொள்ளப்பட்ட பின் தாய் டி.எஸ்-260 என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும். மகன் தன் வருமானத்தைக் காட்டித் தாயைக் காப்பாற்றுவதாக ஐ-864 என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். போலீஸ் சான்று, வைத்தியப் பரிசோதனை, நேர்காணல். அவ்வளவுதான். இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆனால் இத்தனைக்கும் அடிப்படையாக ஒரே ஒரு கேள்விக்குச் சான்று வேண்டும்: இந்தப் பெண்பிள்ளை இந்த மனிதனுக்குத் தாயா?

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதைத் திறந்தோம். தமக்கையாரின் ஜாதகம் இருந்தது. ஐப்பசி மாதம் இத்தனையாந் தேதி, சூரிய உதயாதி இத்தனை நாழிகை இத்தனை விநாடிக்கு ஜனனம், நட்சத்திரம், பாதம், லக்கினம், திசை இருப்பு எல்லாம் மஞ்சள் பூசின காகிதத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தது. மகனுடைய ஜாதகமும் இருந்தது. ஜாதகங்கள் ஏழு இருந்தன. பிறப்புச் சர்டிபிகேட்டு ஒன்றுகூட இல்லை. தமக்கையார் 1965இல் வீட்டில் பிறந்தவர். விநாடிவரை எழுதி வைக்க ஜோசியனுக்கு ரூபாய் கொடுத்தவர்களுக்கு, கிராம முன்சீப்பிடம் போய் ஒரு வரி பதிவு செய்யத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தம் இஷ்டத்துக்கு ஜூன் மாதம் 1ந் தேதி என்று எழுதிவிட்டார். (அந்தக் காலத்து வாத்தியார்கள் கணக்கில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருப்பார்கள்.) பாஸ்போர்ட்டில் ஏறியதும் அந்த ஜூன் 1தான். ஆகவே அவ்வளவு நுட்பமாகக் குறித்த ஐப்பசியும் நாழிகையும் உலகத்தில் எந்தச் சர்க்காரிடத்திலும் செல்லாக்காசு.

அந்த ஜாதகத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். அதை வைத்துத்தான் பத்துப் பொருத்தம் பார்த்துக் கலியாணம் செய்தார்கள். தீர்க்க சுமங்கலி என்று அதில் எழுதியிருக்கின்றது. தமக்கை புருஷர் 41ஆவது வயதில் மஞ்சள் காமாலையில் போனார்.

மகன் 1986இல் முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஆதலால் ரிஜிஸ்தரில் பதிவு இருந்தது. ஆனால் குழந்தையின் பெயர் என்ற இடம் காலி! பெயர் வைக்க நாள், நட்சத்திரம், முதலெழுத்து எல்லாம் பார்த்தவர்கள், வைத்த பெயரைக் கொண்டுபோய்ப் பதிவில் சேர்க்கவில்லை. அதை 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி சேர்த்துக்கொள்ளலாம். அவன் தனக்குக் குடியேற்ற அனுமதி வாங்கும்போதே சேர்த்துக்கொண்டான். அவன் காரியத்திற்கு அது போதுமாயிருந்தது. தாயை அழைக்க முனைந்தபோதுதான் மற்றொன்று கண்ணில் பட்டது. தாயின் பெயர் என்ற இடத்தில் இருப்பது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். பிரசவத்துக்குக் கூடப் போன பாட்டி சொன்னதை அந்தக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட்டில் இருப்பதோ பள்ளிக்கூடப் பெயர். காகிதத்தைப் பார்த்தால், எங்கள் தமக்கை பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ ஒருத்தி தாய்!

இதைத் திருத்துவதற்கு நாம் முனிசிபாலிட்டிக்கு நடந்தது 14 தடவை. இரண்டு பெயரும் ஒருத்தியே என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். ஒரு தடவை ரிஜிஸ்தர் பைண்டிங்குக்குப் போயிருந்தது. ஒரு தடவை அதிகாரி லீவு. தமக்கையாரின் சொந்தப் பிறப்புக்கு, பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, பிறந்தபோது உடனிருந்த பெரியவர்களிடம் பிரமாண வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தூதரகத்தார் அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு, பார்த்த பெரியவர் ஒருவர் உயிரோடிருக்க வேண்டுமே! எங்களுக்கு ஒரு சின்னம்மாள் இருந்தார், பிழைத்தோம்.

இதற்கிடையில் உற்றார் உறவினர் ஜோசியனிடம் ஓடினார்கள். பன்னிரண்டாம் இடத்தைப் பார்த்தானாம், இராகுவைப் பார்த்தானாம், "விதேச யோகம் தடைப்பட்டிருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும்" என்றானாம். தடை பன்னிரண்டாம் இடத்தில் இல்லை. முனிசிபாலிட்டி ரிஜிஸ்தரில் தாயின் பெயர் எழுதும் இடத்தில் இருந்தது. அது அவனுக்கு எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை.

இனிமேலாவது இந்த அவஸ்தை நமது குழந்தைகளுக்கு வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1ந் தேதியோ அதற்குப் பின்போ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டு வாங்குவதற்குப் பிறந்த தேதியின் அத்தாட்சி பிறப்புச் சர்டிபிகேட்டு ஒன்றுதான் என்று 2025இல் விதி செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சான்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற காலம் அக்குழந்தைகளுக்குக் கிடையாது. ஜாதகம் எழுத ஜோசியனைத் தேடுகிற தகப்பன், அந்தக் கூலியில் பாதியும் செலவில்லாத இந்தக் காரியத்தை முதலில் செய்யட்டும். பெயரையும் சேர்க்கட்டும். தாயின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சேர்க்கட்டும்.

பெயர் என்று சொல்லும்போது இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தோம். தமிழர்கள் பெரும்பாலும் விட்டார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர், அவ்வளவுதான். வேறு மாகாணத்தாருக்கு இல்லாத பெருமை இது. ஆனால் வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அதைக் காலியாக விட்டால் தொல்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயருள்ளவனுக்கு, இருக்கிற பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்.என்.யூ. என்று அச்சடித்து விடுகிறார்கள். பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்டுக்காரர்கள் ஒற்றைப் பெயர்க்காரனுக்குச் சுற்றிப் பார்க்கும் விசா இல்லை என்றே அறிவித்தார்கள். பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்றார்கள்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு சில புத்திசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாட்டன் காலத்தில் வெட்டி எறிந்த சாதி வாலைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். கேட்டால் "படிவத்தில் கேட்டிருக்கிறான், நான் என்ன செய்வது?" என்கிறார்கள். படிவத்தில் கேட்டது குடும்பப் பெயரே தவிர உன் சாதியல்ல. நியூயார்க்கில் இருக்கிற குமாஸ்தாவுக்கு உன் சாதியைப் பற்றி என்ன கவலை? தகப்பன் பெயரை முழுவதும் விரித்து அந்த இடத்தில் எழுது, தீர்ந்தது. தாய் ஒருத்தியே வளர்த்தவனாயிருந்தால், பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே பாஸ்போர்ட்டுக்குப் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். பெண்களுக்கும் ஒன்று சொல்வோம். கலியாணம் ஆனதும் தகப்பன் பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படிப்புச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று மூன்று பெண்பிள்ளைகளாகப் பிரிந்து நின்று, மூன்றும் நானே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு அலைவதைத் தவிர அதனால் கண்ட பலன் என்ன?

கலியாணச் சான்றும் இப்படித்தான். அக்கினி சாட்சி, அருந்ததி சாட்சி என்று லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், மனைவிக்கு விசா கேட்கும்போது ரிஜிஸ்தரார் சான்று எங்கே என்றால் விழிக்கிறார்கள். அருந்ததியைத் தூதரகத்துக்கு அழைத்துவர முடியுமா? புரோகிதனில்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைக் கலியாணம் 1967ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தால் செல்லுபடியாகிவிட்டது. 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி எந்த முறைக் கலியாணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுப் புத்தகத்தின் முன் மந்திரக் கலியாணமும் மாலைக் கலியாணமும் ஒரே வரிதான்.

இனி ஏஜெண்டுகள் விஷயம். கோவிலில் ஐயர் எப்படியோ, அப்படித்தான் விசா விஷயத்தில் கள்ள ஏஜெண்டு. சாமிக்கும் உனக்கும் நடுவில் நான், தூதரகத்துக்கும் உனக்கும் நடுவில் நான் என்கிறான். உனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் எழுதுகிறான். தட்சணை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறான். பலித்தால் தன் சாமர்த்தியம், பலிக்காவிட்டால் உன் தலையெழுத்து. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா முதலிய 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும் என்று 1983ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஏற்பாடு செய்தார்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குள்ள வரியும்தான் வாங்கலாம் என்றும் வரையறுத்தார்கள். கள்ள ஏஜெண்டு இதையெல்லாம் தாண்டிப் போக, சுற்றிப் பார்க்கும் விசாவில் ஆளை ஏற்றிவிடுகிறான். அங்கே போய் இறங்கினவன் சட்டத்தின் கண்ணில் வேலைக்காரனல்ல, வேடிக்கை பார்க்க வந்தவன். சம்பளம் கொடுக்காவிட்டால் கேட்க நாதியில்லை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லை கடத்தி மியான்மரில் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்து உதைத்தார்களே, அதில் தமிழ்நாட்டு இளைஞர்களும் அகப்பட்டுக் கொண்டார்கள். விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்ட ஊரில் ஒருவனும் இல்லாமற் போனதன் பலன் அது. நல்ல நேரம் பார்த்து, ராகு காலம் விலக்கி விமானம் ஏறினவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

"அப்படியானால் வெளிநாட்டுக்காரன் சட்டமெல்லாம் யோக்கியம் என்கிறாயா?" என்று கேட்கலாம். ஒருநாளும் சொல்ல மாட்டோம். பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனுக்கு மேல் கீழ் கற்பிப்பது எங்கே நடந்தாலும் அது வருணாசிரமந்தான். அமெரிக்காவில் வேலை வகையிலும் உறவினர் வகையிலும் வரையறைக்குட்பட்ட நிரந்தரக் குடியேற்ற விசாக்களில், ஒரு நாட்டாருக்கு நூற்றுக்கு 7க்கு மேல் கிடையாது. கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள இந்தியாவுக்கும் 7, விரல் விட்டு எண்ணக்கூடிய ஜனங்கள் உள்ள தீவுக்கும் 7. அதிலும் நீ எந்த நாட்டுப் பிரஜை என்று பார்ப்பதில்லை, எங்கே பிறந்தாய் என்றே பார்க்கிறார்கள். பெண்டாட்டியோ புருஷனோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அதைச் சொல்லித் தப்பலாம் என்று ஒரு சிறு சந்து மாத்திரம் உண்டு. 1946இல் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று கொடுத்த பிச்சையைவிட இது மேல்தான். ஆனாலும் பிறவிக் கணக்குப் பிறவிக் கணக்கே.

இதில் நமது மேல்சாதி அபிமானிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த பகத் சிங் திந்து என்னும் பஞ்சாபியர் அந்நாட்டுக் குடியுரிமை கேட்டார். வெள்ளையனுக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் கொடுக்கலாம் என்பது அப்போதைய சட்டம். நான் உயர்ந்த சாதி இந்து, ஆரியன், ஆகையால் வெள்ளையன் என்று அவர் தரப்பில் வாதாடப்பட்டது. 1923 பிப்ரவரி 19ந் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஆரியனாவது சாதியாவது, எங்கள் ஜனங்கள் உன்னை வெள்ளையன் என்று நினைக்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆயிரம் வருஷமாக இங்கே மற்றவனை மிதித்து நின்ற உயர்வு, கடலுக்கு அந்தப் பக்கம் காலணா பெறவில்லை. யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கு என்று பிற்பாடு வந்த சட்டத்தின்படி 1936இல் அதே மனிதர் குடியுரிமை பெற்றார். ஆரியப் பிறப்பால் ஆகாத காரியம் பட்டாளச் சர்டிபிகேட்டால் ஆயிற்று.

காகிதம் இல்லாதவன் கதி என்ன ஆகும் என்பதற்கு இலங்கை மலையகத்துக்குப் போனால் போதும். 1948இல் அங்கே செய்த குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குச் சான்று ஏது? சுமார் 7 லட்சம் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். லயத்துக்கு லயம் மாரியம்மன் கோவில் இருந்தது. தேரும் தீமிதியும் நடந்தன. பிறப்பு ரிஜிஸ்தர் சரியாக இல்லை. அந்த அநியாயத்தைச் செய்தவர்கள் ஆட்சியாளர்கள்தான். அதில் தொழிலாளி மேல் குற்றமில்லை. ஆனால் அந்த அநியாயக்காரனுக்கு ஆயுதமாய் அமைந்தது ஒரு காகிதம் இல்லாமை என்பதை மறந்துவிடக் கூடாது.

தமக்கையார் விஷயம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். 2019இல் மும்பையில் நேர்காணலுக்குத் தேதி வந்தது. திங்கட்கிழமை காலை 8 மணி. சரியான இராகு காலம்! நேரத்தை மாற்றித் தரச் சொல்லித் தூதரகத்துக்கு எழுதினால் என்ன என்று உறவில் ஒரு பெரியவர் யோசனை சொன்னார். தமக்கையார் எழுதவில்லை. நாம் கூடப் போனோம்; உள்ளே விடவில்லை, வெளியில் நடைபாதையில் நின்றோம். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். மகன் எங்கே பிறந்தான், மொத்தம் எத்தனை பிள்ளைகள், மகன் என்ன வேலை செய்கிறான், இந்த இரண்டு பெயரும் உம்முடையதுதானா என்று நான்கு கேள்வி கேட்டார்களாம். திருத்தின சர்டிபிகேட்டையும் சின்னம்மாளின் வாக்குமூலத்தையும் வாங்கிப் பார்த்தார்களாம். நட்சத்திரம் கேட்கவில்லையாம்.

ஊருக்குத் திரும்பினதும் பக்கத்து வீட்டு அம்மையார் வந்து, "நான்தான் பிள்ளையாருக்கு 108 தேங்காய் வேண்டிக்கொண்டேன் அக்கா, அதான் கிடைத்தது" என்றார். தமக்கையார் நமது காலைக் காட்டி, "தேங்காய் இருக்கட்டும் தாயி, முனிசிபாலிட்டிக்கு நடந்து நடந்து என் தம்பி செருப்புத் தேய்ந்து போச்சு, அந்தக் காசில் அவனுக்கு ஒரு ஜோடு வாங்கிக் கொடு" என்றார்.